கண்ணாடியில் மோதிய ஆறுமணிக்குருவி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள ஒரு கல்வி வளாகத்தில் நடந்தது இது. அங்குள்ள நூலகத்தின் வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள எட்டுப் பலகைகள். எதிரே பத்து மீட்டர் தள்ளி தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு மூங்கில் புதரும் இருக்கின்றன. காலை வெளிச்சத்தில் அந்த மரங்கள் கிளையும் இலையுமாகக் கண்ணாடியில் அப்படியே தெரியும். மாடிப்படி விளக்குகள் விடியும்வரை எரிவது வழக்கம்.

ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள், கோடையிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் இமயமலை அடிவாரம் முதல் மத்திய இந்தியக் காடுகள் வரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பி, தமிழ்நாடு, கேரளம், இலங்கை என்று வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. பயணம் இரவில். ஏறக்குறைய 19 செ.மீ. நீளம், 50 முதல் 60 கிராம் எடை. முதுகு பச்சை, தோளிலும் பிட்டத்திலும் மின்னும் நீலம், கண்ணை மூடிப் போகும் அகலமான கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, மங்கலான மஞ்சள் மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வால் மிகக் குட்டை, கால் நீளம். பகல் முழுக்கத் தரையில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடும். பறப்பது அரிது, பறந்தாலும் தாழ்வாகத்தான். இந்தக் கடைசிப் பழக்கம்தான் பின்னால் எல்லாரையும் ஏமாற்றப் பார்த்தது.

இரவெல்லாம் பறந்து களைத்து விடியும் நேரத்தில் இறங்கும் பறவைகள், அக்டோபரில் ஊருக்குள் வீட்டு வராந்தாக்களிலும் மாடிகளிலும் வந்து சிக்குவது புதிதல்ல. விளக்கொளி அவற்றைக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் இழுக்கிறது. கண்ணாடியில் தெரியும் மரம் மீதி வேலையை முடிக்கிறது.

முதல் அரைமணி நேரம்

அக்டோபர் இரண்டாம் வாரம், காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, கண்ணாடியில் ஏதோ 'தொப்'பென்று மோதிய சத்தம் இரவுக் காவலாளிக்குக் கேட்டது. அவர் போய்ப் பார்த்தபோது மூன்றாவது பலகைக்குக் கீழே பறவை குப்புறக் கிடந்தது. இறக்கைகள் பாதி விரிந்திருந்தன, அலகு திறந்திருந்தது. இரண்டு காக்கைகள் அதற்குள் சுவரோரம் இறங்கிவிட்டன. அவர் அவற்றை விரட்டிவிட்டுப் பறவையைத் துண்டில் எடுத்தார். அந்த ஒரு செயல் இல்லையென்றால் எழுத எதுவும் இருந்திருக்காது.

பிறகு அவர் பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து அலகில் விடப் போனார். அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்த மாணவி, "அண்ணா, தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்" என்று தடுத்தார். மயக்கத்தில் இருக்கும் பறவைக்குத் தண்ணீர் ஊற்றுவது இரக்கத்தில் செய்வதுதான். ஆனால் பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. விழுங்கும் உணர்வு இல்லாதபோது ஊற்றும் நீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அடிபட்டுப் பிழைத்திருக்க வேண்டிய பறவைகள் பல இப்படித்தான் சாகின்றன.

அடுத்த பத்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்தது, கைப்பேசிகள் நீண்டன. இத்தனை நிறமுள்ள பறவையைக் கையெட்டும் தூரத்தில் பார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தலையில் அடிபட்ட பறவைக்கு முகங்களும் வெளிச்சமும் சத்தமும் இன்னொரு அடி. மாணவி அதைத் துண்டோடு எடுத்துக்கொண்டு நூலகத்தின் பின்னறைக்குப் போனார்.

பெட்டிக்குள்

ஷூ வைக்கும் அட்டைப்பெட்டி. பக்கங்களில் பென்சில் நுழையும் அளவில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போடப்பட்டன. துளைகளை வெளியிலிருந்து உள்ளே குத்தினால் கிழிந்த விளிம்பு உள்பக்கம் நீட்டி இறகைக் கெடுக்கும் என்பதால், பறவையை வைப்பதற்கு முன் உள்ளிருந்து வெளியே குத்தினார்கள். அடியில் பழைய பருத்தித் துணி. நூல் பிரிந்த துண்டு ஆகாது, நகம் சிக்கிக்கொள்ளும். பறவை ஒருக்களித்துச் சாயாமல் இருக்க, துணியை வளையமாகச் சுருட்டி நடுவில் வைத்தார்கள். உணவு இல்லை, நீர்க் கிண்ணமும் இல்லை. மூடி வைத்து, இருட்டான அமைதியான அறையில், மின்விசிறிக் காற்று படாத இடத்தில் விட்டார்கள். சூடு கொடுக்க யாரோ மேசை விளக்கு கொண்டுவந்தபோது அதை வேண்டாம் என்று சொன்னது சரியான முடிவு. குளிரில் விறைத்த குஞ்சுக்குச் சூடு தேவை. தலையில் அடிபட்ட வளர்ந்த பறவைக்கு அதிகச் சூடு மூளை வீக்கத்தைக் கூட்டக்கூடும்.

பெட்டியில் வைக்கும் முன்பு ஒரே ஒரு தடவை, ஒரு நிமிடத்துக்குள், பார்த்துக் குறித்தவை: இரண்டு கண்ணும் திறந்திருந்தன, ஆனால் இடது கண் பாதி மூடியது. அலகிலும் மூக்குத்துளையிலும் இரத்தம் இல்லை. கால்கள் இரண்டும் விரலைப் பற்றின. இறக்கைகள் மடங்கியிருந்தன, இடது இறக்கையின் நுனி மட்டும் வலதைவிட அரை செ.மீ. தாழ்ந்திருந்தது. துணிப்பையில் போட்டுச் சமையல் தராசில் நிறுத்ததில் எடை 46 கிராம். மார்பின் நடு எலும்பு கத்திமுனை போலத் துருத்திக்கொண்டிருந்தது. நீண்ட பயணத்தில் கொழுப்பைச் செலவழித்து வந்த பறவை என்பதற்கு அது அடையாளம்.

விடலாமா, வேண்டாமா

எட்டரை மணிக்குப் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது பறவை நிமிர்ந்து நின்றது, இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருந்தன. கதவு ஜன்னல் அடைத்த அறையில், தரையில் சருகு பரப்பி, பெட்டியைச் சாய்த்து வைத்தார்கள். வெளியே வந்து நான்கைந்து முறை தாவி, குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, சருகைப் புரட்டவும் தொடங்கியது. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் "நல்லாயிருச்சு, விட்டுரலாம்" என்றார்கள்.

வளாகத்துக்கு வந்துபோகும் அனுபவமுள்ள பறவை நோக்கர் ஒருவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர் சொன்ன காரணம் எளிமையானது: சிட்டுக்குருவியோ பச்சைக்கிளியோ என்றால் பயந்ததும் பறந்து மேலே போகப் பார்க்கும், முடியாவிட்டால் உடனே தெரிந்துவிடும். இது தரைப்பறவை. பயந்தாலும் தாவி ஒளியத்தான் பார்க்கும். தாவுவதும் இரை எடுப்பதும் கால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கின்றன, தோளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே அதைப் பறக்கத் தூண்டினார்கள். ஒருவர் மெதுவாக முன்னே நடந்து மூலைக்கு ஒதுக்க, பறவை எழும்பியது. முழங்கால் உயரம் வந்து, இடப்பக்கம் சாய்ந்து, சுவரோரம் இறங்கியது. இரண்டாவது முறையும் அப்படியே. அதன் பிறகு அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. மூன்றாவது முறை முயலவில்லை. சமதளமாகச் சிறிது தூரம் படபடப்பதைப் பறத்தல் என்று கணக்கில் எடுக்கக் கூடாது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஏற முடிந்தால்தான் ஒரு பறவை பூனையிடமிருந்து தப்பும், இரவில் மரத்தில் ஏறித் தங்கும்.

இது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட பறவை. நல்லெண்ணத்தோடு என்றாலும் தகவல் சொல்லாமல் வைத்திருப்பது குற்றம். வளாகப் பொறுப்பாளர் வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அவர்களுடைய ஒப்புதலோடு பறவை கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகப்பட்டது.

மருத்துவர் கண்டது

எக்ஸ்ரேயில் இடப்பக்கக் கொரக்காய்டு எலும்பில் விரிசல் தெரிந்தது, முனைகள் விலகவில்லை. தோள்மூட்டையும் மார்பெலும்பையும் இணைத்து முட்டுக்கொடுக்கும் எலும்பு அது. கண்ணாடியில் நேராக மோதும் பறவைகளுக்கு அடிக்கடி உடைவது இதுதான். பறவையின் இறக்கையைக் கீழே அடிக்கும் தசை மட்டுமல்ல, மேலே தூக்கும் தசையும் மார்பில்தான் இருக்கிறது. தூக்கும் தசையின் நாண் இந்த எலும்பு தோளில் சேரும் இடத்தில் உள்ள துளை வழியாகத்தான் மேலேறுகிறது. அந்த எலும்பு பழுதானால் இறக்கை மடங்கி ஒழுங்காகத் தெரியும், ஆனால் தோளுக்கு மேல் தூக்க வராது. வெளியே தொங்கும் இறக்கையைத் தேடுபவர் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டுவதா, கட்டாமல் சிறிய இடத்தில் ஓய்வாக வைப்பதா என்பது அடுத்த கேள்வி. மருத்துவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். முனைகள் விலகாத விரிசல், 46 கிராம் பறவை, தொட்டாலே துடிக்கும் இயல்பு. கட்டைப் பிய்க்கப் போராடுவதால் வரும் கேடு கட்டின் பயனைவிட அதிகம், நீண்ட நாள் கட்டினால் இறக்கையின் முன்சவ்வு இறுகிவிடும் அபாயமும் உண்டு.

வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம், எடைக்குத் தகுந்த அளவில், மருத்துவர் கையால் கணக்கிட்டது. முதல் நாள் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசல் 1.2 மி.லி. இரண்டு முறை. பறவையின் ஒரு நாள் நீர்த்தேவை கிலோவுக்குச் சுமார் 50 மி.லி. என்ற கணக்கில் வந்த அளவு அது. வீட்டில் கிடைக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிணந்தின்னிக் கழுகினங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோன டைக்ளோபினாக் அப்படிப்பட்ட ஒரு வலிமருந்துதான். கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் 2006இல் தடை செய்யப்பட்டது. மருந்தின் பெயர் தெரிந்தாலும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

பராமரிப்பு

கம்பிக்கூண்டு வேண்டாம் என்பது முதல் விதி. ஓடி ஒளிய இடமில்லாமல் அடைபட்ட ஆறுமணிக்குருவி திடுக்கிட்டால் நேராக மேலே எம்பும். கம்பியில் உச்சந்தலை கிழியும், இறக்கை இறகுகள் முறியும். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் மரச்சட்டம் அடித்து, நான்கு பக்கமும் மேலேயும் இழுத்துக் கட்டிய கொசுவலை. மூன்று பக்கம் வெளியே துணி மூடியது. அடியில் மூன்று விரற்கடை ஆழத்துக்கு ஈரச் சருகும் மண்ணும். வெறும் செய்தித்தாளில் நிற்க விட்டால் இந்த இனத்துக்கு உள்ளங்கால் புண் வரும். சருகை இரண்டு நாளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றினார்கள். மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அதன் வித்துகள் பறவையின் நுரையீரலுக்கு எமன்.

உணவில்தான் எதிர்பாராத சிக்கல் வந்தது. வளாகத்தில் மண்புழு உரத்தொட்டி இருந்ததால் தீனிக்குக் கவலையில்லை என்று நினைத்தார்கள். பறவை அந்தச் சிவப்பு வரிப் புழுவை எடுத்தது, அலகில் இரண்டு முறை உதறியது, கீழே போட்டுவிட்டு அலகைச் சருகில் துடைத்தது. அடுத்ததையும் அப்படியே. உரத்தொட்டிப் புழு சீண்டினால் மஞ்சள் நிறத்தில் நாற்றமுள்ள திரவத்தை வெளிவிடும். அதைப் பல பறவைகள் தொடுவதில்லை. மறுநாள் மாலைக்குள் எடை 44 கிராமுக்கு இறங்கியது. வாழைத்தோட்டத்து ஈரமண்ணைக் கிளறி எடுத்த சாதாரண மண்புழுவைப் போட்டதும் தயங்காமல் விழுங்கியது. கறையான் புற்றிலிருந்து எடுத்த கறையான், தோட்டத்து வெட்டுக்கிளிக் குஞ்சுகள், பிறகு கடையில் வாங்கிய மீல்வோர்ம் புழு என்று சேர்த்தார்கள். மீல்வோர்மில் சுண்ணாம்புச்சத்து குறைவு என்பதால் அதைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போட்டார்கள். உடைந்த எலும்பு கூட வேண்டிய நேரம் இது. மருந்து தெளித்த வயலிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எட்டு வேளையாக, சருகுக்கடியில் மறைத்து வைக்கப்பட்டது. கிண்ணத்தில் வைத்தால் பாதியைத் தொடவில்லை, மறைத்தால் தேடித் தின்றது. தீனி போடுபவர் ஒருவரே. பேச்சு இல்லை, பார்வையாளர் இல்லை. எடை காலையில் ஒருமுறை, சட்டத்துக்குள் வைத்த தட்டையான தராசில் தானாக ஏறி நிற்கும்போது. நான்காம் நாள் 47, பத்தாம் நாள் 52. கையில் பிடித்தது மருந்து கொடுத்த ஐந்து நாட்களில் மட்டும்.

பத்தாம் நாளுக்கு மேல் விடியற்காலையிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் இரண்டு சுரத்தில் கத்தத் தொடங்கியது. வெளியே மூங்கில் புதரிலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது.

பறக்கவைத்துப் பார்த்தது

பதினாலாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் விரிசல் ஒட்டி ஆறியிருந்தது. அன்றே விடவில்லை. இரண்டு வாரம் அடைந்து கிடந்த தசைக்குத் தூக்கும் வலு இருக்காது. ஒரு வராந்தாவை, ஆறு மீட்டர் நீளம் இரண்டு மீட்டர் அகலத்துக்கு, கொசுவலையால் அடைத்து, 30 செ.மீ., ஒரு மீட்டர், 1.8 மீட்டர் உயரங்களில் கிளைகள் கட்டினார்கள். கிளைகள் வெவ்வேறு பருமனில்.

முதல் இரண்டு நாள் 30 செ.மீ. கிளையைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் ஒரு மீட்டர். ஐந்தாம் நாள் காலையில் வலையோரம் ஒரு நிழல் அசைய, தரையிலிருந்து ஒரே வீச்சில் உச்சிக்கிளைக்கு ஏறியது. பறக்கும்போது மட்டும் தெரியும் இறக்கையின் வெள்ளைத் திட்டு இரு பக்கமும் ஒரே அளவில் பளிச்சிட்டது. விடுவிக்க வைத்திருந்த அளவுகோல் மூன்று: தரையிலிருந்து 1.8 மீட்டருக்கு ஏறுதல், இடப்பக்கம் சாயாமல் திரும்புதல், தொடர்ந்து ஐந்தாறு முறை பறந்த பிறகு இரண்டு மூன்று நிமிடத்தில் அலகை மூடி மூச்சு சமன்படுதல். இரண்டு நாள் அடுத்தடுத்து மூன்றும் சரியாக இருந்தன. எடை 55 கிராம்.

விடுவிப்பு

எங்கே, எப்போது என்பதில் இரண்டு கருத்து இருந்தது. மலைக்காட்டுக்குள் கொண்டுபோய் விடலாம் என்று ஒரு தரப்பு. ஆனால் காடு என்பதாலேயே அது நல்ல இடம் ஆகாது. அங்கே ஏற்கெனவே தங்கி, தன் பரப்பைக் காக்கும் இன்னொரு ஆறுமணிக்குருவி விரட்டும். வளாகத்திலேயே, நூலகத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி, சருகு தடித்த ஒரு புங்கைத் தோப்பு இருந்தது. இரண்டு மாலைகள் அங்கே காது கொடுத்துக் கேட்டதில் வேறு குரல் இல்லை. பூனை நடமாட்டம் இல்லை. அதுவே முடிவானது. வேளை: விடியற்காலை, மழையில்லாத நாள். மாலையில் விட்டால் அறியாத இடத்தில் இருட்டிவிடும். காலையில் விட்டால் ஒளிய இடமும் தண்ணீரும் தேட முழுப் பகல் இருக்கிறது.

வனத்துறைப் பணியாளர் ஒருவர் முன்னிலையில் பெட்டி தரையில் சாய்த்து வைக்கப்பட்டது. அரை நிமிடம் வாசலில் நின்றது, தாவியது, பிறகு எழுந்து தாழ்வான கிளையில் அமர்ந்து, அங்கிருந்து தோப்பின் உள்ளே போனது. அடுத்த நாட்களில் அந்தத் தோப்பிலிருந்து மாலைக் குரல் கேட்டது. காலில் அடையாள வளையம் மாட்டாத பறவை என்பதால் அதுதான் இது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

கண்ணாடி

பறவை ஓய்வில் இருந்த நாட்களிலேயே கண்ணாடி பற்றிய வேலை தொடங்கியது. துப்புரவுப் பணியாளரான அம்மாவிடம் கேட்டபோதுதான், ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவரோரம் செத்த பறவைகளைக் கூட்டி அள்ளுவது வழக்கம் என்று தெரிந்தது. அவர் சொன்ன அடையாளங்களில் ஒன்று செந்தலைப் பூங்குருவி, இன்னொன்று நம் மாநிலப் பறவையான மரகதப்புறா. இரண்டும் மரங்களுக்கிடையில் தாழ்வாக, வேகமாகப் பறப்பவை. இவ்வளவு காலம் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நடுப்பலகையில் ஏற்கெனவே ஒரு பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பயனில்லை. அசையாத பருந்தைப் பறவை சில நாளில் பொருட்படுத்தாது, ஸ்டிக்கரைச் சுற்றிய வெற்றுக் கண்ணாடி அதற்கு வழியாகவே தெரியும். குறிகள் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரதிபலிப்பு அவற்றை மறைத்துவிடும். ஒட்டும் புள்ளிகள் என்றால் 5 செ.மீ. இடைவெளியில் முழுப் பலகைக்கும்.

இங்கே தேர்ந்தெடுத்தது தொங்கும் கயிறு. 3 மி.மீ. கனமுள்ள கருநிற நைலான் கயிறு, 10 செ.மீ. இடைவெளியில், மேலே ஒரு அலுமினியக் குழாயில் கட்டி, கீழே கட்டாமல் தொங்கவிட்டது. காற்றில் லேசாக ஆடுவது நல்லதுதான். ஒரு பலகைக்கு 16 கயிறு, 40 மீட்டர். எட்டுப் பலகைக்கு 320 மீட்டர், முடிச்சுக்குத் தனியாகக் கொஞ்சம். உள்ளேயிருந்து பார்க்கும்போது இரண்டு நாளில் கண் பழகிவிடுகிறது. கயிறு வரும்வரை இடைக்காலமாகப் பார்சோப்பால் வெளியே கோடு போட்டார்கள், வடகிழக்குப் பருவமழை அதை இரண்டாம் நாளே கழுவிவிட்டது. மழைக்காலத்தில் இடைக்கால ஏற்பாட்டுக்குப் பெயின்ட் மார்க்கரே நிற்கும்.

மாடிப்படி விளக்குகளுக்கு ஆள் வந்தால் எரியும் சுவிட்ச் போடப்பட்டது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், பறவைகள் வடக்கே திரும்பும் மார்ச் முதல் மே வரையும் இரவு பத்துக்கு மேல் வெளிவிளக்குகள் அணைக்கப்படுகின்றன. அந்தப் பருவத்தில் கயிறு கட்டிய எட்டுப் பலகைகளுக்குக் கீழே எதுவும் விழவில்லை. ஆனால் நவம்பரில் கிழக்குப் பக்கப் படிக்கட்டு ஜன்னலில் ஒரு மரகதப்புறா மோதிச் செத்தது. அந்த ஜன்னல் சின்னது என்று விட்டிருந்தார்கள்.

அடுத்த முறை மாற்றவிருப்பவை

காவலாளி அறையில் இப்போது துளையிட்ட பெட்டி ஒன்று, துணியோடு தயாராக இருக்கிறது. மூடியின் மேல் நான்கு வரி: காக்கை விரட்டு, துண்டில் எடு, பெட்டியில் மூடு, தண்ணீர் ஊற்றாதே. வனச்சரக அலுவலக எண்ணும் மருத்துவர் எண்ணும் கீழே.

தரையில் திரியும் இனம் எதுவானாலும், தாவுகிறது தின்கிறது என்பதால் விடுவதில்லை. ஏறிப் பறக்கிறதா என்று அடைத்த அறையில் இரண்டு முறை மட்டும் பார்ப்பது, சாய்வு தெரிந்தால் அன்றே எக்ஸ்ரே. இந்த முறை எக்ஸ்ரே எடுக்க மாலையாகிவிட்டது. காலையிலேயே எடுத்திருந்தால் வலிமருந்து ஆறேழு மணி நேரம் முன்னதாகத் தொடங்கியிருக்கும்.

தீனிக்கு உரத்தொட்டியை நம்புவதில்லை. ஐப்பசி தொடங்கும் முன்பே நிழலான ஒரு மூலையில் சாதாரண மண்புழு சேர, ஈரச் சாக்கைப் போட்டு அதன்மேல் வாழைமட்டை அடுக்கி வைக்கப்படுகிறது. தலா ஒரு சதுர மீட்டரில் இரண்டு இடம் இருந்தால் ஒரு பறவைக்கான தேவையை ஈடுகட்ட முடிகிறது.

படிக்கட்டு ஜன்னல் உட்பட, வெளியே நின்று பார்க்கும்போது மரமோ வானமோ தெரியும் எல்லாக் கண்ணாடிக்கும் கயிறு கட்டும் வேலை அடுத்த ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும். துப்புரவுப் பணியாளரிடம் ஒரு நோட்டுப்புத்தகம் கொடுக்கப்பட்டிருக்கிறது. தேதி, எந்தப் பலகை, என்ன பறவை, உயிரோடா இல்லையா என்ற நான்கு பத்தி. பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதினால் போதும்.